உப்பில் அயோடின் எதற்கு?

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பார்கள். அந்த உப்பில் அயோடின் கலக்கத்தான் வேண்டுமா? நாட்டில் நெடுநாளாக நடக்கும் வாதம் இது.

அயோடின் உடம்புக்கு வேண்டிய ஒரு சத்து. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். ஆயுள் முழுவதற்கும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி அளவுதான்!

அது கிடைக்காவிட்டால் கழுத்தில் கழலை வரும். அதைவிடப் பெரிய கேடும் உண்டு. கர்ப்பிணிக்கு அயோடின் மிகவும் குறைந்தால், வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். பிறந்த பிறகு அதை முழுவதும் சரிசெய்ய முடியாது.

இமயமலைப் பகுதியில் காங்ரா பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே கழலை நோய் மிகுதி. 1956-ல் டாக்டர் வி.ராமலிங்கசாமியும் அவர் குழுவினரும் அங்கே சோதனை தொடங்கினார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் உப்பு கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு சாப்பிட்டவர்களிடம் நோய் குறைந்தது. மற்றப் பகுதியில் குறையவில்லை. 1962-ல் மத்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டம் கொண்டுவந்தது.

"கடல் உப்பில் அயோடின் இல்லையா?" என்று கேட்கலாம். கடல்நீரில் உண்டு. ஆனால் அது காய்ந்து உப்பாகும்போது மிகக் கொஞ்சமே மிஞ்சுகிறது.

அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 1998-ல் நாடு முழுவதும் தடை வந்தது. எதிர்ப்பும் வந்தது. "1930-ல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் உப்புக்காகப் போராடிய நாடு இது. இன்ன உப்பைத்தான் தின்னவேண்டும் என்று சட்டம் போடலாமா?" என்றார்கள். சிறு உப்பளக்காரர்களின் பிழைப்பு போகும் என்றார்கள். 2000-ல் தடை நீங்கியது. 2006-ல் மீண்டும் வந்தது.

உரிமை பெரிதுதான். ஆனால் வயிற்றுப் பிள்ளை கடைக்குப் போய் உப்பு வாங்க முடியுமா? அதற்காகவே சட்டம் வேண்டும்.

சட்டம் மட்டும் போதாது. தூத்துக்குடி போன்ற ஊர்களில் வெயிலில் பாடுபடும் சிறு உப்பளக்காரர், அயோடின் கலக்கும் வசதி இல்லாமல் தொழிலை விட்டுப் போகக்கூடாது. கருவியும் அயோடினும் குறைந்த விலையில் அவருக்குக் கிடைக்க வேண்டும். அது அரசின் கடமை.

வீட்டின் கடமையும் உண்டு. பொட்டலத்தில் "அயோடின் கலந்தது" என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும். ஈரம் படாமல் மூடி வைக்க வேண்டும். தைராய்டு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்பது நல்லது. சத்து இருக்கிறதே என்று உப்பை அள்ளிப் போடக்கூடாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கவேண்டும்.

உப்பு அளவாக இருக்கட்டும். அதில் அயோடின் தவறாமல் இருக்கட்டும்!