இல்லத்துக்கு வெளியே ஓர் ஆள் வேண்டும்

2020 ஜூனில் வடசென்னையின் ராயபுரம் அரசு சிறுவர் இல்லத்தில் 35 பேருக்குக் கரோனா தொற்று உறுதியானது. ஜூன் 11 அன்று நீதிபதி எல்.நாகேஸ்வர ராவ் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. இல்லங்களில் தொற்று பரவாமல் தடுப்பது எப்படி என்று அதே நீதிமன்றம் ஏப்ரல் 3-ம் தேதியே வழி சொல்லியிருந்தது. காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்காகக் கேள்வி கேட்க டெல்லியில்தான் ஆள் இருந்தது!

சட்டம் என்னவோ கறாராகத்தான் இருக்கிறது. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஆய்வுக் குழு ஒவ்வோர் இல்லத்துக்கும் போக வேண்டும். அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் கட்டாயம். அறிக்கை ஒரு வாரத்துக்குள் மாவட்ட ஆட்சியருக்குப் போய்ச் சேரும். சிக்கல் அங்கேதான். ராயபுரம் போன்ற இல்லத்தை நடத்துவதும் அரசு, அதன் குறைகளைப் படித்துப் பார்ப்பதும் அரசு. தன் துறையைப் பற்றியே புகார் எழுத நல்ல அதிகாரிக்கும் கை கொஞ்சம் தயங்கும்.

பிஹாரின் முசாஃபர்பூர் சிறுமியர் இல்லமும் அதிகாரிகள் வந்துபோன இடம்தான். டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ‘கோஷிஷ்’ குழு நடத்திய சமூகத் தணிக்கையால்தான் அங்கு நடந்த பாலியல் கொடுமை 2018-ல் அம்பலமானது. 2020 ஜனவரியில் 19 பேரைக் குற்றவாளிகள் என்று டெல்லி நீதிமன்றம் அறிவித்தது.

மதுரையில் 2021-ல் நடந்தது இன்னும் விநோதம். ஒரு காப்பகத்தின் ஆவணப்படி, அங்கிருந்த ஒரு குழந்தை கரோனாவில் இறந்து அடக்கமும் ஆகிவிட்டது. உண்மையில் அது விற்கப்பட்டிருந்தது. பிறகு உயிரோடு மீட்கப்பட்டது. சந்தேகப்பட்டுப் புகார் கொடுத்தவர் வெளியாள்.

அமெரிக்காவின் சியாட்டிலில் 1977-ல் நீதிபதி டேவிட் சூகப் இப்படி ஒரு வெளியாளுக்கு முறையான இடம் கொடுத்தார். பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கக் கோப்பு மட்டும் போதவில்லை என்று, அவர்களுக்காகப் பேசப் பயிற்சிபெற்ற தன்னார்வலர்களை நியமித்தார்.

வடசென்னையில் இதற்கு ஆளா இல்லை? துறைமுகத்திலும் எண்ணூர் ஆலைகளிலும் ஓய்வுபெற்றவர்கள், திருவொற்றியூர் பள்ளிகளின் முன்னாள் ஆசிரியைகள் எத்தனையோ பேர். காவல் துறைச் சரிபார்ப்பும் பயிற்சியும் முடித்தவர்களைப் பிள்ளைக்கு ஒருவராக நியமிக்கலாம். பிள்ளையைத் தனியே சந்திக்கும் உரிமை அவருக்கு வேண்டும். அவருடைய அறிக்கை துறைக்குப் போகாமல் உயர் நீதிமன்றத்தின் சிறார் நீதிக் குழுவுக்கே நேராகப் போக வேண்டும். மாதம் 4,000 ரூபாய் உதவியோடு வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்பப்படும் பிள்ளைக்கும் இது பொருந்தும். இல்லம் மாறினாலும், கண்காணிப்பாளர் மாறினாலும், பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை அதே ஆள் தொடர வேண்டும்.