கணக்குக் காட்டாதானுக்கு இருக்கை எதற்கு?

சோழவந்தான் கொடிக்கால்களில் வெற்றிலை கிள்ளும் ஏழை உழவனும் கூலிப் பெண்டும் இலையைக் கவுளி கவுளியாக எண்ணி அடுக்கியே கட்டுகின்றனர். இலை குறைந்தால் வாங்குவோன் கேட்பான். கேட்பான் என்பதனாலேயே அது குறைவதில்லை. வெற்றிலைக்கு உள்ள இந்தக் கணக்கு, அதே மக்கள் வயிற்றைக் கட்டிச் செலுத்தும் வீட்டு வரிக்கும் குடிநீர்க் கட்டணத்திற்கும் உண்டா? இவ்வினா அவ்வூர் ஒன்றை மட்டும் நோக்கியதன்று. ஊராட்சி முதல் மாநகராட்சி வரை தமிழகத்தின் உள்ளாட்சிகள் அனைத்தையும் நோக்கியது.

பழம்பெருமை பேசுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஆயினும், உண்மையை மறைத்துப் பெருமை பேசுதல் தமிழர்க்கு அழகன்று. அது நிலமும் மனையும் மறைக்கல்வியும் உடைய பார்ப்பனர் அவை. உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் பெண்டிர்க்கும் அங்கே ஓலை இல்லை. அது குடியாட்சி எனின், குடிகள் எங்கே?

எனினும் அக்கல்லில் ஒரு நெறி உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை மீண்டும் ஓலையில் எழுதிக் குடத்தில் இடலாகாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. மூன்றாண்டு கழியுமுன் ஒருவனே மீண்டும் வாரியம் ஏறவும் இடமில்லை. சிலர்க்கே உரிய அந்தக் குறுகிய அவைகூட, பொதுப்பொருளைத் தின்றவன் பின்வாயில் வழியே தன் மகனை அனுப்புவான் என்பதை அறிந்து கதவடைத்தது. எல்லார்க்கும் வாக்குரிமை உள்ள இக்காலத்தில் அக்கதவு திறந்து கிடப்பது நாணத்தக்கதன்றோ?

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் 1993 ஏப்பிரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. ஆண்டிற்கு நான்கு நாள்களில் கூடிய ஊரவை என்னும் கிராம சபைக் கூட்டம், 2022-இல் ஆறாக உயர்த்தப்பட்டது. நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1-இல் கூட்டப்பட்டன. பின் குறை எங்கே? பல ஊர்களில் வரவு செலவு காற்றோடு போட்டியிடும் விரைவில் படிக்கப்படுகிறது. தீர்மானம் முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. மக்களிடம் வேண்டப்படுவது கையொப்பம் ஒன்றே. கணக்குத் தாளைக் கேட்டு வாங்கினாலோ, அதன் தலைப்புகள் கற்றவர்க்கும் விளங்கா. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-இலேயே வந்துவிட்டது. எந்தத் தெருவிற்கு, எத்தனை விளக்கு, என்ன விலை என்று ஒரு குடியானவள் படித்தறியும் தமிழில் எழுதாத கணக்கு, காட்டிய கணக்கன்று. மறைத்த கணக்கே ஆகும்.

மறைப்பின் விளைவை மதுரையே கண்டது. அம்மாநகராட்சியில் அலுவலர்களின் கடவுச்சொற்களைக் கொண்டு வணிகக் கட்டடங்களின் சொத்துவரி முறைகேடாகக் குறைக்கப்பட்டது என்னும் வழக்கில் 2025-இல் பலர் தளைப்படுத்தப்பட்டனர். அவ்வாண்டு சூலையில் மண்டலத் தலைவர்கள் பதவி விலகினர். அக்தோபரில் மேயரும் விலகினார். குற்றவாளி யார் என்பதை அறமன்றம் உரைக்கட்டும். ஆனால் ஒன்று தெளிவு. பெருங்கட்டடத்தான் கட்டாத வரி, சிறு வீட்டானுக்குக் கிட்டாத குடிநீராகவும் அள்ளப்படாத சாய்க்கடையாகவும் திரும்பி வருகிறது.

கணக்குக் கேட்க ஆளே இல்லாத காலமும் உண்டு. 2016-இல் நடந்திருக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 திசம்பரில்தான் நடந்தது. அதுவும் 27 மாவட்டங்களில் மட்டுமே. இடைப்பட்ட மூன்றாண்டு தனி அலுவலர் ஆட்சி. அம்மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 சனவரி 5-இல் முடிந்தபோதும் மீண்டும் தனி அலுவலரே அமர்த்தப்பட்டனர். தேர்ந்தெடுக்கப்பட்டவன் தவறினால் அடுத்த தேர்தலில் வீட்டிற்கு அனுப்பலாம். அமர்த்தப்பட்டவனை ஊரார் எங்கே அனுப்புவது?

சாதி வல்லாண்மையும் கணக்கை விழுங்கும் பூதமே. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைமை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டமையால், 1996 முதல் 2006 வரை அங்கே முறையான ஊராட்சித் தலைமை அமையவொட்டாமல் தடுக்கப்பட்டது. மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 சூன் 30-இல் உடனிருந்த ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். இருக்கையில் அமரவே உயிரைக் கொடுக்க வேண்டிய ஊரில், ஏழை எழுந்து நின்று கணக்குக் கேட்பது எங்ஙனம்? பெண்டிர்க்கு உள்ளாட்சியில் பாதி இடம் ஒதுக்க 2016-இல் சட்டம் வந்தது. எனினும் பல ஊர்களில் மனைவி பெயர்ப்பலகையிலும் கணவன் நாற்காலியிலும் இருக்கின்றனர். செலவிட்டவன் ஒருவன், கையொப்பமிட்டவள் ஒருத்தி எனின், விடை சொல்பவர் யார்?

“மேலே கோடி கோடியாகக் கொள்ளை போகும்போது ஊராட்சியின் சிறு காசைப் பற்றி ஏன் கூச்சல்?” என்று நடுநிலையாளர் போல் நடிப்போர் கேட்பர். கோட்டையின் கணக்கு ஊரான் கண்ணுக்கு எட்டாது. தன் தெருவில் போடாத சாலை எட்டும். எட்டுவதைக் கேளாதவன் எட்டாததை எந்நாளும் கேளான். வாக்கிற்குப் பணம் வாங்கியவன் வாய் திறக்க இயலாமையே கொள்ளையர்க்குக் காவல்.

வேண்டுவன மூன்று. ஒவ்வொரு பணியின் தொகையும், செய்தவர் பெயரும், முடித்த நாளும் பணியிடத்திலேயே தமிழில் எழுதப்படல் வேண்டும். தணிக்கையர் எழுப்பிய தடைகளும் அவற்றிற்குத் தந்த விடைகளும் ஊரவையில் படிக்கப்படல் வேண்டும். தக்க விடை தராதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் அடுத்த தேர்தலில் நிற்கத் தடை வேண்டும். பார்ப்பனர் அவைக்கு ஆயிரத்து நூறாண்டுக்கு முன் இயன்றது, மக்களாட்சிக்கு இயலாதா?

அதுவரை தமிழர் வாளா இருத்தல் வேண்டுவதில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் பத்து உரூபாக் கட்டணத்தில், முப்பது நாளில் விடை தரப் பணிக்கிறது. ஊருக்குப் பத்துப்பேர் கூடுங்கள். ஒரு சாலையின் கணக்கை, ஒரு கிணற்றின் கணக்கைத் தமிழில் கேளுங்கள். விடை வந்ததும் அதை ஊர் நடுவே ஓங்கிப் படியுங்கள். தமிழ் வாழ்க என்று முழங்கும் வாய், தமிழன் காசு எங்கே என்றும் கேட்கட்டும்!