இருட்டுச் சந்தையில் அணு ரகசியம்

வட கொரியா மீதான தடைகள் எவ்வாறு மீறப்படுகின்றன என்பதைக் கண்காணித்துவந்த ஐ.நா. நிபுணர் குழு, 2024 மார்ச்சில் ரஷியா பயன்படுத்திய ரத்து அதிகாரத்தால் முடிவுக்கு வந்தது. கண்காணிப்பு தளர்ந்தால் என்ன நேரும் என்பதை அறிய 1990-களைத் திரும்பிப் பார்த்தாலே போதும்.

அணு ஆயுதத் திட்டத்தைக் காரணம் காட்டி 1990-ல் பாகிஸ்தானுக்கான ராணுவ உதவியை அமெரிக்கா நிறுத்தியது. 1991-ல் சோவியத் யூனியன் சிதறியதும் வட கொரியா தனது பெரும் ஆதரவை இழந்தது. பாகிஸ்தானிடம் யுரேனியத்தைச் செறிவூட்டும் தொழில்நுட்பம் இருந்தது. தொலைதூர ஏவுகணை இல்லை. வட கொரியாவிடம் நோடாங் ஏவுகணை இருந்தது. அதன் புளூட்டோனியத் திட்டமோ அமெரிக்காவுடனான 1994 உடன்பாட்டால் முடக்கப்பட்டிருந்தது. ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்தனர். 1998 ஏப்ரலில் பாகிஸ்தான் சோதித்த கௌரி ஏவுகணை நோடாங்கின் வார்ப்புதான். அதற்குப் பணம் கொடுத்ததாகவே பாகிஸ்தான் கூறிவந்தது. ஆனால், விஞ்ஞானி அப்துல் காதிர் கான் ஏறத்தாழ இரண்டு டஜன் மையவிலக்குக் கருவிகளை வட கொரியாவுக்கு அனுப்பினார் என்று 2006-ல் வெளியான தனது நூலில் முஷாரபே ஒப்புக்கொண்டார்.

இத்தகைய நாடுகளை இணைப்பது கொள்கைப் பற்று அல்ல. வெளிச்சந்தையில் எதையும் வாங்க இயலாத நிர்ப்பந்தமும் அன்னியச் செலாவணிப் பற்றாக்குறையுமே காரணம். இருவரும் குற்றத்தில் பங்காளிகள் என்பதால் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கவும் வழியில்லை.

இந்த வணிகத்தில் லாபம் பார்த்தவர்கள் ஒதுக்கப்பட்ட நாடுகளில் மட்டும் இருக்கவில்லை. 2003 அக்டோபரில் லிபியா செல்லும் வழியில் பிடிபட்ட மையவிலக்கு பாகங்கள் மலேசியாவில் தயாராகி, துபாய் வழியாக வந்தவை. ஐரோப்பியத் தொழில் வல்லுநர்களும் இந்த வலையில் இருந்தனர். இந்தியாவுக்கும் இது அன்னிய விவகாரம் அல்ல. 1999 ஜூனில் குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் சோதனையிடப்பட்ட வட கொரியக் கப்பலில் ஏவுகணைத் தயாரிப்புக்கான பாகங்கள் சிக்கின.

2004 பிப்ரவரி 4-ல் கான் தொலைக்காட்சியில் தோன்றித் தவறை ஒப்புக்கொண்டார். மறுநாளே மன்னிப்பு கிடைத்தது. அவரை நேரில் விசாரிக்க சர்வதேச அணுசக்தி முகமைக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அதே ஆண்டில், நேட்டோவில் இல்லாத முக்கிய நட்பு நாடு என்ற தகுதியை பாகிஸ்தானுக்கு அமெரிக்கா அளித்தது. 2006-ல் வட கொரியா தனது முதல் அணுகுண்டைச் சோதித்தது. தேவைப்படும்போது கண்டிப்பதும் வேண்டியபோது கண்டுகொள்ளாமல் விடுவதுமான வல்லரசுகளின் இரட்டை அளவுகோலே இருட்டுச் சந்தைக்குத் துணிச்சல் அளித்தது.

அன்று அமெரிக்கா செய்த தவறை இன்று ரஷியா செய்கிறது. 2024 அக்டோபரில் 11 நாடுகள் சேர்ந்து தனியாக ஒரு கண்காணிப்புக் குழுவை அமைத்தன. ஆனால், பாதுகாப்பு கவுன்சிலின் அங்கீகாரம் அதற்கு இல்லை. இருட்டுச் சந்தையின் விலையைத் தனது எல்லையிலேயே கொடுத்த நாடு இந்தியா. மாஸ்கோவுடன் நீண்டகால நட்பு கொண்ட இந்தியா, ஐ.நா. கண்காணிப்பு மீண்டும் தொடங்க வேண்டும் என்று அந்த நட்பின் உரிமையோடு வலியுறுத்த வேண்டும். மௌனம் காப்பது தேசத்தின் பாதுகாப்புக்கு உகந்ததல்ல.