காசு கொடுத்தவருக்கு உரிமை வேண்டும்



நாகரசம்பட்டியிலிருந்து போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் ஓசூருக்கும் ஷிஃப்ட் வேலைக்குப் போகிற பிள்ளைகள், கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் திறப்பது கேமைத்தான். "எந்நேரமும் செல்லுதானா?" என்று வீட்டில் திட்டு விழுகிறது. நானும் கேம் ஆடி வளர்ந்த ஆள், இன்றும் ஆடுகிறேன். ஆகவே திட்டுவதற்காக இந்தப் பக்கத்தை எழுதவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கேமுக்குச் செலவிடும் பிள்ளைகளின் காசுக்கு என்ன மரியாதை இருக்கிறது என்பதே என் கேள்வி.

2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியாவுக்கான சர்வர்கள் நின்றன. அடுத்த ஆண்டு ஜூலையில் அதே விளையாட்டு பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் பிளே ஸ்டோரிலிருந்தும் ஆப் ஸ்டோரிலிருந்தும் தூக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது. நாட்டின் பாதுகாப்புக்காக அரசு முடிவெடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், துப்பாக்கிக்கு ஸ்கின், ஆளுக்கு உடுப்பு என்று காசு கட்டியிருந்த பிள்ளைகளின் நிலை என்ன என்று கேட்க வேண்டாமா?

இது இந்தியக் கதை மட்டுமல்ல. யுபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31-ஆம் தேதியோடு நிறுத்தியது. டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களாலும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. போச்சம்பள்ளிச் சந்தையில் ஆடு விற்றவர், பத்து வருஷம் கழித்து நம் பட்டிக்கு வந்து அதை அவிழ்த்துக்கொண்டு போனால் ஊர் சும்மா இருக்குமா? ஐரோப்பாவில் சும்மா இருக்கவில்லை. ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் அதிகமான ஐரோப்பியர்கள் கையெழுத்திட்டார்கள். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது: கொடுப்பது சொந்த உரிமை அல்ல, பயன்படுத்தும் உரிமம் மட்டும்தான் என்றால், அதைக் காசு வாங்கும் முன்பே கடை தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

கேம் விற்கும் இணையக் கடைகளின் அதிகாரம் விளையாட்டை உருவாக்குபவர்களையும் அழுத்துகிறது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் கடை, விற்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் பொதுவாக 30 ரூபாயை எடுத்துக்கொள்கிறது. பிளே ஸ்டோரின் பில்லிங் விதிகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ரூ.936.44 கோடி அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அந்தத் தொகை குறைந்தது. 2024 மார்ச் 1-ஆம் தேதி, கட்டணத் தகராறில் சென்னையின் பாரத் மேட்ரிமோனி செயலியையே கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியது. மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகுதான் அது திரும்ப வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கேம் செய்கிற நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

அப்படிப்பட்ட சிறு குழு ஒன்று என்ன சாதிக்கும் என்பதற்கு 'வெண்பா' சாட்சி. டொராண்டோவின் விசை கேம்ஸ் இந்த விளையாட்டை 2023-இல் வெளியிட்டது. 1980-களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டில் விட்டுப்போன வரிகளை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளைச் சரியாக அடுக்கினால்தான் இட்லி வேகும்! இந்த விளையாட்டு 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. அதை ஆடி முடித்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதம் சொல்லி முடியாதது. இப்படி ஒரு படைப்பு, என்றோ ஒரு நாள் கடைக்காரரின் முடிவால் காணாமல் போகக்கூடாது.

நம் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 டிஜிட்டல் பொருட்களின் விற்பனையையும் கணக்கில் கொள்கிறது. கலிபோர்னியாவில் உள்ளதைப் போன்ற தெளிவான விதி இங்கேயும் வேண்டும். சர்வரை நிறுத்துவதானால் போதிய முன்னறிவிப்பும், தனியாக ஆடிக்கொள்ள ஒரு வழியும் தர வேண்டும் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். காசு கட்டும் முன், இணையம் இல்லாமல் அந்த கேம் ஓடுமா என்று பாருங்கள். ஜிஓஜி கடையில் வாங்குவதைக் கணினியில் இறக்கி நீங்களே பத்திரப்படுத்தலாம். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். பெற்றோரே, திட்டுவதற்கு முன் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை எதற்குக் காசு கட்டுகிறான், எதற்குக் கட்டுகிறாள் என்று கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்