சூத்திரம் மட்டும் போதுமா?

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

முதலாண்டில் ஒரு வகுப்புத் தேர்வு. ‘3 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஒரு துகள் நொடிக்கு 6 மீட்டர் என்னும் மாறாத வேகத்தில் சுற்றுகிறது. அதன் முடுக்கம் யாது?’ என்பது கேள்வி. இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × காலம் என்ற சூத்திரத்தை எழுதினேன். தொடக்கத்திலும் 6, இறுதியிலும் 6. ஆகவே முடுக்கம் சுழி என்று முடித்தேன். எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணும் சுழியே!

கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த நமக்கு இயற்பியல் ஏறாது போலும் என்று எண்ணி, வேறு பாடத்திற்கு மாறிவிடலாமா என்றுகூட அன்று யோசித்தேன். இன்று எண்ணிப் பார்க்கையில், குறை என் அறிவில் இல்லை, நான் படித்த முறையில்தான் இருந்தது என்று தோன்றுகிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

சோளக் கொல்லையில் கவண் சுழற்றியவர்கள் நம்மில் பலர் இருக்கலாம். கவண் சுழலும்போது கயிறு கல்லை ஓயாமல் உள்நோக்கி இழுக்கிறது. பிடியை விட்டதும் கல் வட்டத்தின் தொடுகோட்டில் பறக்கிறது. அப்படியானால் சுற்றும்போது கல்லின் திசை நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருந்தது என்றுதானே பொருள்? திசைவேகம் ஒரு வெக்டர். அதன் அளவு மாறாவிட்டாலும் திசை மாறினாலே முடுக்கம் உண்டு. வட்டத்தில் அருகருகே இரண்டு புள்ளிகளில் திசைவேக அம்புகளை வரையுங்கள். இரண்டின் வால்களையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். முதல் அம்பின் நுனியிலிருந்து இரண்டாவதன் நுனிக்கு ஒரு கோடு இழுத்தால், அது வட்ட மையத்தை நோக்கியே இருக்கும். புள்ளிகள் நெருங்க நெருங்க இது மேலும் துல்லியமாகும். கயிறு இழுக்கும் திசையும் அதுவே அன்றோ!

இனிக் கணக்கைப் பார்ப்போம். அத்துகள் நொடிக்கு 2 ரேடியன் சுற்றுகிறது. அதன் நிலை வெக்டரின் இரு கூறுகள் 3 கொசைன் (2 × காலம்), 3 சைன் (2 × காலம்). ஒருமுறை வகையிட்டால் திசைவேகம், அளவு 6. மறுமுறை வகையிட்டால் முடுக்கம். அது நிலை வெக்டரைப் போல் 4 மடங்கு, ஆனால் எதிர்த்திசையில். அளவு 12. இரண்டே வரி!

சைன், கொசைன் வகையீட்டை நான் மேல்நிலை வகுப்பிலேயே படித்திருந்தேன். வெக்டரும் படித்திருந்தேன். ஆனால் அவை கணித நோட்டில் இருந்தன, இயக்கம் இயற்பியல் நோட்டில் இருந்தது. இரண்டும் ஒன்றென்று எனக்குத் தோன்றவே இல்லை. மனப்பாடம் செய்த அந்தச் சூத்திரம் முடுக்கம் மாறாதபோது மட்டுமே செல்லும் என்பதும் தெரியவில்லை. வட்டப் பாதையிலோ முடுக்கத்தின் திசை ஓயாமல் மாறுகிறது.

நியூட்டனின் ‘பிரின்சிப்பியா’ 1687-இல் வெளிவந்தது. அதில் பெரும்பாலும் வடிவியல் நிறுவல்களே உள்ளன. நாம் இன்று எழுதும் வெக்டர் முறை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, கிப்ஸ், ஹெவிசைடு ஆகியோரால் உருப்பெற்றது. கிப்ஸ் தம் மாணவர்களின் பயன்பாட்டிற்காகவே 1881-இல் அக்குறிப்புகளை அச்சிடத் தொடங்கினார். மாணவர் சுமையைக் குறைக்கப் பிறந்த கருவியை நாம் சுமையாகத் தூக்கித் திரிகிறோம்!

ஆகவே என் கருத்து இதுதான். இயக்கவியலின் முதல் வாரத்திலேயே நிலை வெக்டரை எழுதி, அதை வகையிட்டுத் திசைவேகமும் முடுக்கமும் காணக் கற்பிக்க வேண்டும். பழைய சூத்திரங்கள் அதன் தனி நிலைகளாகப் பின்னால் வரட்டும். “பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லையே” என்பர் சிலர். அடிப்படைக்குச் செலவிடும் ஒரு வாரம், பின்னால் கோளியக்கமும் அலைவியக்கமும் வரும்போது பல வாரங்களை மீட்டுத் தரும்.

மாணவ நண்பர்களே, பாடத்திட்டம் மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவே இரண்டு நோட்டுகளையும் எடுத்து அருகருகே விரித்து வையுங்கள். சுழி வாங்கிய ஒருவன் சொல்கிறேன், நம்மால் முடியும்!