மரச்சட்டம் அடிப்பம், காசு தோண்டுறதுக்கு இல்லை

மரச்சலாகையால் அடித்த ஒரு சட்டம். கீழ்த்தட்டில மதர்போட், மேல் சலாகையில வரிசையாக ஆறு கிராபிக்ஸ் காட், ஓரத்தில பவர் சப்ளை. மூடியும் இல்லை, கலர் லைட்டும் இல்லை. யூடியூப்பில இந்தக் கோழிக்கூட்டை எங்களில பலர் ஒருக்காவது பார்த்திருப்பம். பார்த்த உடனே வாற கேள்வியும் ஒண்டுதான்: "மச்சான், இதில மைனிங் செய்தால் மாசம் எவ்வளவு வரும்?"

எங்கட பதில்: அந்தக் கதை முடிஞ்சுது. கிராபிக்ஸ் காட்டால் பெருமளவில் தோண்டப்பட்டது எதீரியம் நாணயம். 2022 செப்டெம்பர் 15 அன்று எதீரியம் தன் முறையையே மாற்றியது. அதற்குப் பிறகு அங்கே தோண்டுகிற வேலையே இல்லை. வேறு நாணயம் இருக்கே என்று கேட்கிறவர்கள் கரண்ட் பில்லையும் எடுத்துப் பாருங்கோ. ஒரு காட் 150 வாட் எடுக்குது என்று வைப்பம். ஆறுக்கும் 900, மதர்போட், காற்றாடி எல்லாம் சேர்த்தால் 1,000 வாட். நாள் முழுக்க ஓடினால் 24 யூனிட், மாதம் 720. எங்கட வீட்டுக் கட்டணத்தில 180 யூனிட்டைத் தாண்டினாலே உச்சப் படி தொடங்குது. வெளிநாட்டில இருக்கிற அண்ணாவிட்ட காசு வாங்கி இதில போடுறதை நாங்கள் முதலீடு என்று சொல்ல மாட்டம்.

ஆனால் சட்டத்தைக் குப்பையில போடச் சொல்லவும் இல்லை. கணிக்கிற வலு எங்கட கையில இருக்க வேணும் என்பதுதான் எங்கட நிலைப்பாடு. வாடகைக்கு எடுத்தால் டொலரில கட்ட வேணும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 350ஐத் தாண்டியதை நாங்கள் எல்லாரும் பார்த்தம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளோடோ, காணியைத் தேடி அலைகிறவர்களோடோ எடுத்த நேர்காணல் ஒன்றை எழுத்தாக்க வேணும் என்று வைப்பம். அந்தக் குரலை எங்கேயோ இருக்கிற சேர்வருக்கு ஏத்த முதல் ரெண்டு தரம் யோசிக்க வேணும். விஸ்பர் மாதிரியான திறந்த மென்பொருள் இன்டர்நெட் இல்லாமலே எங்கட மெசினில ஓடும், தமிழும் எடுக்கும். பேச்சு வழக்கில தடுமாறும், கையால திருத்த வேணும். ஆனால் குரல் வீட்டை விட்டு வெளியே போகாது.

இதற்கு ஆறு காட் தேவையே இல்லை. ஒண்டு போதும், ரெண்டு இருந்தால் வசதி. பிளெண்டரில அனிமேசன் செய்கிற கூட்டம் இருந்தால் மூண்டு, நாலு என்று கூட்டலாம். ஒவ்வொரு காட்டுக்கும் வேறு வேறு பிரேமைப் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் நினைவகம் கூட்டுக் கணக்கில வராது. நாலு 8 ஜிபி காட் சேர்ந்தாலும், காட்சி 8 ஜிபிக்குள்ளதான் அடங்க வேணும். காட்டைத் தள்ளி வைக்கப் பாவிக்கிற மலிவான ரைசர் வயருக்கும் ஒரு எல்லை இருக்கு. மூன்றாம் தலைமுறைப் பி.சி.ஐ.ஈ.யில அது செக்கனுக்கு ஏறக்குறைய 1 ஜிபிதான் கடத்தும், முழு ஸ்லொட் 16 ஜிபி அளவு கடத்தும். ரெண்டர் செய்ய அது காணும். காட்கள் ஓயாமல் ஒன்றோடொன்று பேச வேண்டிய பயிற்சி வேலைக்குக் காணாது.

அடிக்கிறது கஷ்டம் இல்லை. மரம் மலிவு, கரண்ட் கடத்தாது, ஆனால் பத்தும். அலுமினியம் ஆங்கிள் பத்தாது, ஆனால் மதர்போட்டின் பின்பக்கம் அதில முட்டக் கூடாது. ரெண்டில எதுவென்றாலும் காட்டுக்குக் காட் மூண்டு அங்குலம் இடைவெளி விடுங்கோ. இல்லாட்டில் ஒன்று விடுகிற சூட்டை மற்றது குடிக்கும். 1,000 வாட் என்றால் அறைக்குள்ள நாள் முழுக்க ஒரு அயர்ன் பெட்டி சுடுற மாதிரி. அதால படுக்கிற அறை வேண்டாம், ஜன்னல் இருக்கிற இடமாகப் பாருங்கோ. மூடி இல்லை என்றால் தூசி, பல்லி, எறும்பு, சின்னப் பிள்ளைகளின் விரல் எல்லாம் உள்ளே வரும். உயரத்தில வைத்து, சுத்தி நுளம்பு நெற் அடித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

உண்மையான ஆபத்து வயரிலதான். ஒரு காட் ஸ்லொட் வழியாக மட்டும் 75 வாட் வரை இழுக்கலாம். ரைசருக்குக் கரண்ட் கொடுக்கப் பலர் சாட்டா வயரைச் செருகுகிறார்கள். அந்தக் கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் தாங்குவது 54 வாட். மிச்சம் சூடாகி, பிளாஸ்ரிக்கை உருக்கி, நெருப்பாகும். 6 பின் வயர் வருகிற ரைசரை மட்டும் வாங்குங்கோ. ஒரு காட்டையும் அதன் ரைசரையும் ஒரே பவர் சப்ளையில இருந்து கொடுங்கோ. பவர் சப்ளையின் அளவில 80 வீதத்துக்கு மேலே ஏத்தாதேங்கோ. மல்டி பிளக் வேண்டாம், எர்த் உள்ள தனிச் சுவர் பிளக் வேணும். ஆள் இல்லாத வீட்டில ஓட விடவும் வேண்டாம். பழைய காட் வாங்கினால், காசு கொடுக்க முதல் அரை மணித்தியாலம் முழு வேலை கொடுத்துப் பாருங்கோ. காற்றாடி கத்துதா, சூடு ஏறிக்கொண்டே போகுதா என்று கவனியுங்கோ. மைனிங்கில ஓடின காட் என்றால் சூடு கடத்துகிற பேஸ்டையும் மாத்த வேணும்.

"இவ்வளவு செலவும் தலையிடியும் ஒரு ஆளால ஏலாதே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அதால இதைத் தனி ஆள் செய்ய வேண்டாம் என்கிறம். எங்கட ஊர்களில பேப்பர் வாங்க வசதி இல்லாதவர்கள் சனசமூக நிலையத்துக்குப் போய் வாசித்தார்கள். ஒரு பேப்பரை ஊரே வாசித்தது. ரெண்டு காட் போட்ட ஒரு சட்டத்தையும் அப்படி வைக்கலாம். பக்கத்தில ஒரு கொப்பி. யார், எத்தனை மணித்தியாலம், என்ன வேலை என்று எழுதி, கரண்ட் காசைப் பிரித்துக் கட்டலாம். ஆச்சியின் குரலை எழுத்தாக்க வருகிற பிள்ளைக்கு முதல் இடம், படம் செய்கிறவருக்கு அடுத்தது. நாணயம் தோண்ட வருகிறவருக்கு இடம் இல்லை.

உங்கட ஊரில பூட்டிக் கிடக்கிற வாசிகசாலை ஒன்று இருக்குதா? நல்ல வயரிங் இருக்குதா என்று முதலில போய்ப் பாருங்கோ. சலாகையைப் பிறகு அறுக்கலாம்.