கொச்சியில் கேட்ட தமிழ்

விடுமுறை வந்தால் நம் சங்கக் குடும்பங்களுள் பெரும்பாலோர் சொந்த ஊருக்குப் பயணமாவர். உற்றாரைக் கண்டு, குலதெய்வத்தை வணங்கித் திரும்புவதற்குள் விடுப்புத் தீர்ந்துவிடும். இம்முறை அதில் இரண்டு நாளை மிச்சப்படுத்தி, நாமும் நம் துணைவியாரும் கொச்சியைப் பார்த்து வந்தோம். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்திகள் அங்கு உள.

1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் பழைய முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பர். அதன்பின் மிளகை நாடி வந்தோர் பலர். போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆண்டு நீங்கினர். கொங்கணியரும் குஜராத்தியரும் வந்து தங்கிவிட்டனர். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் சுக்கு வாங்க ஒரு கடையுள் நுழைந்தோம். கடைக்காரர் நம்மிடம் இந்தியிலும், மூட்டை சுமப்போரிடம் மலையாளத்திலும், தம் மகனிடம் குஜராத்தியிலும் பேசினார். மூன்று மொழிக்கும் அவர் நா தடுமாறவில்லை.

அங்கிருந்து யூதர் தெருவுக்குச் சென்றோம். அத்தெருவின் கோடியில் உள்ள யூதர் வழிபாட்டு ஆலயம் 1568-இல் எழுந்தது. தரையெங்கும் சீன நாட்டிலிருந்து தருவித்த நீலப் பூவேலை ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. 1968-இல் அதன் நானூறாவது ஆண்டு விழாவிற்கு இந்திரா காந்தி அம்மையார் நேரில் வந்தார். ஆனால் 1948-இல் இஸ்ரேல் நாடு அமைந்தபின் கொச்சி யூதர்களுள் மிகப் பெரும்பாலோர் அங்குக் குடியேறிவிட்டனர். பத்து ஆடவர் கூடினாலன்றி அவர்தம் முறைப்படி கூட்டு வழிபாடு நடவாது. இன்று அப்பத்துப் பேருக்கு வழியில்லை. அத்தெருவில் பூவேலைத் துணிக்கடை நடத்தி வந்த சாரா கோகன் அம்மையார் 2019-இல், தமது 96-ஆம் வயதில் மறைந்தார். முதுமையில் அவரைத் தாய்போல் பேணியதும், அவர் கடையைக் காத்து வருவதும் ஒரு முஸ்லிம் குடும்பம் என்பதைக் கேட்டு உள்ளம் நெகிழ்ந்தோம்.

மறுநாள் கோட்டைக் கொச்சியில் உள்ள தோபிகானாவுக்குச் சென்றோம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் தம் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களை அங்குக் கொணர்ந்தனர். ஒல்லாந்தர் போயினர், வெளுக்க வந்தவர் தங்கினர். இன்றுள்ள சலவைக்கூடம் 1976-இல் அமைந்தது. வரிசையான தொட்டிகள், துவைகற்கள், கஞ்சி, நீலம் எல்லாம் பழைய முறையே. கொடியில் கவ்விகள் இல்லை. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகின்றனர். கடற்காற்றிலும் அது நழுவுவதில்லை.

கரிப்பெட்டியால் துணி தேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், நாம் பேசிய தமிழைக் கேட்டு நிமிர்ந்தார்.

“எந்த ஊரும்மா?” என்றார்.

நம் துணைவியார் ஊரைச் சொல்லி, “உங்களுக்கு எந்த ஊர் ஐயா?” என்று கேட்டார்.

“இந்த ஊர்தான். என் பாட்டனுக்குப் பாட்டனும் இங்கதான்” என்றவர், சட்டென நினைவு வந்தவர்போல் அலமாரியிலிருந்து ஒரு கலியாணப் பத்திரிகையை எடுத்து வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து உறவினர் அனுப்பியதாம். “பேசுவோம், வாசிக்கத் தெரியாது. பேரப்பிள்ளைகளுக்கும் மலையாள எழுத்துத்தான். கொஞ்சம் வாசிச்சுச் சொல்லும்மா.”

துணைவியார் ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி, முகூர்த்த நேரம் ஈறாக நிறுத்தி நிதானமாக வாசித்தார். பக்கத்து மேசைக்காரர்களும் கைவேலையை நிறுத்திக் கேட்டனர். ஒரு சொல்லுக்கும் பொருள் சொல்ல நேரவில்லை. “தாய்மாமன் பேரைப் போட்டிருக்கானா?” என்று மட்டும் பெரியவர் வினவினார். போட்டிருந்தது. மகிழ்ச்சியுடன் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டார்.

அன்பர்களே, வீட்டில் தமிழ்தானே பேசுகின்றோம், பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எதற்கு என்று நம்மவருள் சிலர் கேட்பதுண்டு. வீட்டுப் பேச்சு வலியது. முந்நூறு ஆண்டு அயல்மொழி நடுவிலும் அது கொச்சியில் மாளவில்லை. எழுத்தோ அவ்வாறு தானே வாழ்வதன்று. ஒருவர் கைபிடித்துக் கற்பித்தாலன்றி ஒரு தலைமுறையிலேயே போய்விடும். அப்பெரியவருக்குக் கற்பிக்க அந்நாளில் ஒரு சங்கமும் இருந்திலது போலும். நமக்கு இருக்கின்றது. பிள்ளைகள் தம் பாட்டிக்கு மாதம் ஒரு கடிதமேனும் தமிழில் தாமே எழுதட்டும். பாட்டியின் மறுமொழியையும் பிறர் உதவியின்றித் தாமே வாசிக்கட்டும்.